கொல்லிமலையில் யார் எந்தத் தலைமுறை?

தமிழ்நாட்டில் தலைமுறைக்கு அரசாங்க முத்திரை உண்டு. வருவாய்த் துறை தரும் ‘முதல் பட்டதாரி’ சான்றிதழைச் சொல்கிறேன். 2010-11 கல்வியாண்டிலிருந்து, ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்க இந்தத் தாள் வேண்டும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் ஆகியோரில் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். இல்லையென்றால் நீங்கள் முதல் தலைமுறை. எந்த ஆண்டு பிறந்தவர் என்பதைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை இல்லை.

கல்விப் பணியில் உள்ளவர்கள் பேசிக்கொள்ளும் விதத்தில் தலைமுறைக்கு என்ன பங்கு என்று கேட்டால், நிர்வாகப் பயிற்சிப் பட்டறைகளில் வேறொரு அட்டவணையை நீட்டுகிறார்கள். 1946 முதல் 1964 வரை பிறந்தவர் பூமர். அடுத்தது ஜென் எக்ஸ். 1981 முதல் 1996 வரை மில்லெனியல். அதன் பிறகு ஜென் இசட். மூத்தவருக்கு நேரில் பேசினால்தான் திருப்தி, இளையவர் குறுஞ்செய்தியில் முடித்துக்கொள்வார் என்று குணங்களும் வரிசையாக வரும். இந்த வகைப்பாட்டைப் பெரிதாக வளர்த்தவர்கள் வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இரு அமெரிக்கர்கள். 1991இல் அவர்கள் எழுதிய நூல் அமெரிக்க வரலாற்றையே தலைமுறைகளின் சுழற்சியாகச் சொன்னது. இப்போது அமெரிக்காவிலேயே இதற்கு மதிப்புக் குறைந்துவருகிறது. பணியிடத்தில் ஆட்களைத் தலைமுறைப் பெயரால் பிரித்து நிர்வகிப்பதற்கு ஆய்வு ஆதாரம் போதாது என்று அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகங்கள் 2020இல் அறிக்கை தந்தன. இந்தப் பெயர்களை ஊடகங்களில் பரப்பியதில் பெரும்பங்கு கொண்ட பியூ ஆய்வு மையமும், இனி எச்சரிக்கையோடுதான் இவற்றைத் தொடுவோம் என்று 2023இல் அறிவித்தது. நம்மூரில் ‘பூமர் அங்கிள்’ கேலியாக நிலைத்துவிட்டது. கேலிக்கு அது போதும்.

தலைமுறையைச் சமூகவியல் பிரச்சினையாக முதலில் முறையாக எழுதியவர் கார்ல் மான்ஹைம். 1928இல் ஜெர்மனியில் வெளிவந்த அவருடைய கட்டுரை இந்தப் பட்டியல்களைவிடப் பல மடங்கு நிதானமானது. ஒரே காலத்தில் பிறந்துவிட்டதாலேயே இருவர் ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள் என்றார். இளம் வயதில் ஒரே வரலாற்று நிகழ்வு இருவரையும் தொட்டிருக்க வேண்டும். நகரத்துக் கொந்தளிப்புகள் எட்டாத தொலைதூரக் கிராமத்து விவசாய இளைஞர்களை, அதே வயது நகரத்து இளைஞர்களோடு ஒரே தலைமுறையாக அவர் எண்ணவில்லை. அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு ஜெர்மனியைவிடச் சேலம், நாமக்கல் பக்கத்து மலைகள்தாம் நினைவுக்கு வந்தன.

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. அதற்கப்பால் செம்மேடு, செங்கரை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று ஊராட்சிகளுக்கே இன்னும் ‘நாடு’தான் பெயர். கொல்லிமலை தனி ஒன்றியம். சுமார் 40,000 மக்கள். ஏறக்குறைய எல்லோரும் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக வந்து, ஒருவர் கொல்லியிலும் மற்றவர்கள் சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன் பக்கமும் குடியேறியதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள். தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இதுவே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. மாநிலத்துப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3. அதற்குப் பத்தாண்டு முன்பு 41.5.

இந்த எண்களை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால் தலைமுறைக் கணக்கு குழம்பிப்போகும். மலையில் இருபத்தைந்து வயதுப் பெண்கள் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருத்தியின் அப்பா விடுதியில் தங்கிப் படித்து வாத்தியார் வேலைக்குப் போனவர். இன்னொருத்தியின் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவளே. பட்டறை அட்டவணையில் இருவரும் ஜென் இசட். தலைமையாசிரியர் அறைக்குள் நுழையும் விதத்தில், விண்ணப்பம் எழுதும் விதத்தில், ‘இது சரியில்லையே சார்’ என்று சொல்லும் துணிச்சலில் இருவருக்கும் நடுவே முப்பது ஆண்டு இடைவெளி இருக்கும். கல்விப் பணியில் பேச்சைத் தீர்மானிக்கும் தலைமுறை பிறந்த ஆண்டிலிருந்து தொடங்குவதில்லை. பள்ளிக்கூடம் ஒருவருடைய வீட்டுக்கு எப்போது, எந்த வாசல் வழியாக, யாருடைய குரலில் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறது. கொல்லிமலையில் இதைக் கொஞ்சம் விரித்தே காட்டலாம், ஏனென்றால் அங்கே பள்ளிக்கூடம் வந்த குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன.

முதல் குரல் வெள்ளைக்காரருடையது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், 1913இல் ஈவ்லின் ஹாரிஸை மணந்து, மனைவியோடு மலையேறினார். அப்போது சாலை இல்லை. வாழவந்தியில் வீடு கட்டி, மருத்துவம் பார்த்து, பள்ளி நடத்தி, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். 1914இல் பிறந்த மகன் பால், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட். மகனை 1923இல் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, மலையிலிருந்து கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார் ஜெஸ்ஸி. 1929இல் கருநீர்க் காய்ச்சலில் அவர் இறந்தார். சாவுத் தந்தி போய்ச் சேர்ந்த பிறகும் அவர் எழுதிய கடிதம் ஒன்று கப்பலில் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் என் அக்கறை ஈவ்லின் மேல்தான். 1947 வாக்கில், எழுபதை நெருங்கிய வயதில், மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஊருக்குத் திரும்பும் எண்ணமே அவருக்கு இல்லை. நிறுவனத்தின் ஆளாக இல்லாமல் தனி ஆளாகக் கொல்லிமலையில் தங்கினார். பிறகு மற்ற மலைகளுக்கும் போனார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுப்பதும், குடிநீரைப் பற்றிச் சொல்வதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வதுமாக 1974இல், 95 வயதில் இறக்கும்வரை இருந்தார். உலகம் அவரை ‘கிரானி பிராண்ட்’ என்றே அறிந்தது. வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் அதுவே தலைப்பு. மிஷன் ஊழியராக முப்பது ஆண்டு சொன்னதையே பாட்டியாக இன்னும் இருபத்தைந்து ஆண்டு சொன்னார். பதவி போனபின் வயது அதன் இடத்துக்கு வந்தது. மூத்தவர் சொல்லுக்குத் தனி எடை உள்ள சமூகத்தில் அது சிறிய மாற்றமில்லை என்பது என் ஊகம். சம்பளமும் அதிகாரமும் இல்லாத கிழவி சொல்வதை ஏற்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. பாட்டி, அக்கா என்ற உறவுப் பெயருக்குள் நின்று கல்வி பேசுவது கொல்லிமலையில் மறுபடியும் வரும், அரசாங்கத் திட்டமாகவே வரும். அதற்கு முன் நடுவில் வந்த குரல்களைக் கேட்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு வந்தது உறைவிடப் பள்ளி. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறையின் கீழ் மாநிலம் முழுவதும் முன்னூறுக்கும் மேற்பட்ட பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கொல்லிமலைப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இவற்றின் வழியே படித்தவர்கள். செங்கரையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு விடுதி தவிர்க்க முடியாத ஏற்பாடு. இது இல்லாவிட்டால் மலையில் இன்று ஆசிரியராக இருக்கும் பலர் ஆசிரியராகியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆறு வயதில் வீட்டை விட்டுப் போகும் குழந்தைக்கும் வீட்டுக்கும் நடுவே பேச்சு எப்படி நடக்கும்? காப்பாளர் வழியாக நடக்கும். பெற்றோர் வந்தால் காப்பாளரிடம் கேட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்ப்பார்கள். செல்போன் வந்த பிறகு காப்பாளரின் எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். பள்ளியோடு பேசுவதென்றால் அனுமதி கேட்டுப் பேசுவது என்ற வழக்கம் இங்கே இரண்டு மூன்று தலைமுறைகளாக ஊறியிருக்கிறது. இன்று பெற்றோர் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கும் அப்பாவைப் பார்த்து ‘படிக்காதவங்க, கூச்சப்படுறாங்க’ என்று சொல்லிவிடுவது சுலபம். அவரும் விடுதியில் வளர்ந்தவராக இருக்கலாம். உறைவிடப் பள்ளி அவருக்கு வாசிப்பைச் சொல்லிக் கொடுத்ததோடு, கேட்டால்தான் பேச வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தது.

அதோடு மொழி. தோடர், முதுவர், இருளர் போன்றவர்களுக்குத் தனி மொழியோ தனித்த பேச்சோ உண்டு என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். குறைந்தபட்சம் அங்கே ஒரு பிரச்சினை இருப்பதாவது ஏட்டில் ஏறும். மலையாளிகள் பேசுவது தமிழ். ‘தமிழ்தானே பேசுறாங்க’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மலைத் தமிழின் இழுவையும் சொற்களும் பாடநூல் தமிழிலிருந்து விலகியிருப்பது வகுப்பறையில் தவறாகவே எண்ணப்படும். கீழ்நாட்டு ஆசிரியர் திருத்துவார், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மலையிலேயே பிறந்து ஆசிரியரானவர் என்ன செய்வார்? சிலர் அந்தப் பேச்சிலேயே குழந்தைகளோடு பேசுவார்கள். சிலர் கீழ்நாட்டு ஆசிரியரைவிடக் கறாராகத் திருத்துவார்கள், ஏனென்றால் அந்தத் திருத்தங்களைத் தாங்கித்தான் அவர்கள் மேலே வந்தார்கள். முதல் தலைமுறையாகப் படித்தவரிடம் காணும் இந்தக் கண்டிப்பை வயதின் கணக்கில் எழுதினால் எதுவும் புரியாது.

இனி ஆசிரியர் அறைக்குள் போகலாம். தமிழகத்து ஆசிரியர் அறைகளைத் தலைமுறையாகப் பிரிப்பது வயதைவிட நியமன முறை. நீண்ட காலம் இடைநிலை ஆசிரியர் பணி வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி கிடைத்தது. பயிற்சி முடித்துப் பதிந்துவிட்டு, பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருந்து, நாற்பதை நெருங்கும்போது பணியில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அதில் தேறிய இருபத்தைந்து வயதுக்காரரும், பதிவு மூப்பில் வந்த நடுவயதுக்காரரும் அருகருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பணிக்கால மூப்பில் இருவருக்கும் அதிக தூரமில்லை. ‘சார்’ என்றும் ‘தம்பி’ என்றும் அழைத்துக்கொள்வதில் மட்டும் ஒரு தலைமுறை தெரியும். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் பணியில் தொடர இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் தேர்வுக்குப் படிக்க வேண்டும். பக்கத்து நாற்காலி இளையவர் முன்பே தேறியவர். இந்த அறையில் யார் யாருக்கு அறிவுரை சொல்வது? தீர்ப்பின் சட்ட நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். ஆசிரியர்களுக்கு இடையிலான பேச்சில் அது கிளப்பிய சங்கடம் எந்த ஜென் இசட் ஆய்விலும் அகப்படாதது.

பணிக்கு வந்த காலத்தில் எந்தச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்தது என்பதும் ஆசிரியரின் பேச்சில் தழும்பாக நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்துவிட்டு ஆசிரியரானவர்களை எளிதில் அடையாளம் காணலாம். பாட்டுக் கட்டுவார்கள், வட்டமாக உட்காரச் சொல்வார்கள், கூட்டத்தில் பேசாதவரைப் பேசவைப்பார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் அறுபது வயதுக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த இயக்கம் அது. மூத்தவரைப் புண்படுத்தாமல் கற்பிக்கும் பேச்சு அவர்களுக்கு அங்கே கைவந்தது. அடுத்த தழும்பு செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமாரின் முனைப்பில் தொடங்கி, 2007-08இல் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. ஆசிரியர் பாயில் குழந்தைகளோடு உட்கார வேண்டும். அட்டையை எடுத்து, ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, குழந்தை தானே முன்னேற வேண்டும். கரும்பலகைக்கு முன் நின்று உரத்துச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது இடியாக இறங்கியது. அட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு, ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் இறக்கிய பள்ளிகளை எல்லோரும் அறிவார்கள். ஆனால் இந்த முறையின் வேர் ஆந்திரத்து ரிஷிவேலியின் சுற்றுவட்டக் கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் பள்ளிகள் அவை. ஐந்து வகுப்புக்கு ஒன்றிரண்டு ஆசிரியர்கள் மட்டுமே இருக்கும் மலைப் பள்ளிக்குச் சென்னையைவிட இது பொருத்தமானது. பொருத்தமான இடத்துக்கு, பொருந்தாத இடத்தில் தயாரான பயிற்சியோடு வந்தது என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

மலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கலந்தாய்வில் மலை இடங்கள் பெரும்பாலும் புதியவர்களுக்கு வாய்க்கும்; கீழே இடம் கிடைத்ததும் இறங்கிவிடுவார்கள். மலை ஒன்றியங்களுக்கென்று ‘மலைச் சுழற்சி’ மாறுதலும் இருக்கிறது. ஆசிரியர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான், காலம் முழுவதும் ஒருவரையே மலையில் வைத்திருக்க முடியாது. ஊரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்த ஆசிரியர் என்று யாரும் மிஞ்சுவதில்லை. ஊர்க்கவுண்டருக்குப் பெயர் சொல்லி அறிமுகமாகும் முன்பே ஆசிரியர் மாறிவிடுகிறார். கீழ்நாட்டில் ‘உங்க அப்பனுக்கே நான்தான்டா பாடம் எடுத்தேன்’ என்று ஒரு வாத்தியார் அதட்டுவதில் உரிமை, கண்டிப்பு, பாசம் எல்லாம் இருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொல்லத் தகுதியுள்ளவர் மலையில் அபூர்வம்.

மலையடிவாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துத் தனியார் உறைவிடப் பள்ளிகள் 2000களில் மாநில முதலிடங்களை அள்ளிக் குவித்தன. கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் ‘பிராய்லர் பள்ளிகள்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தும்வரை அந்தப் பந்தயம் நடந்தது. மதிப்பெண்ணே பேச்சாக இருந்த அந்தச் சூழலில் படித்து வளர்ந்தவர்களில் சிலர் ஆசிரியர்களாகி மலைக்கும் வந்தார்கள். எழுபது வளைவுக்குக் கீழே கல்வி என்றால் சதம். மேலே, பிள்ளை ஊர்ப் பொங்கல் முடிந்து விடுதிக்குத் திரும்பி வந்தால் வெற்றி.

2020இல் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசி வகுப்பும் கோபுரம் எட்டாத மேட்டுக் குடியிருப்புகளில் பேருக்குத்தான் இருந்தன. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம், அந்தந்தக் குடியிருப்பிலேயே, அந்த ஊர்த் தன்னார்வலர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், ஆறு முதல் எட்டுக்குப் பட்டமும் படித்திருந்தால் போதும் என்றார்கள். மிகப் பெரும்பாலோர் இளம் பெண்கள். உச்சத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். பிள்ளைகள் அவர்களை ‘அக்கா’ என்றார்கள்.

இதன் விளைவு அளக்கப்பட்டிருக்கிறது. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கிலும் தமிழிலும் பெரிய இழப்பு தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் 24 விழுக்காட்டுக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று மதிப்பிட்டார்கள். அக்கா என்று அழைத்ததால்தான் பிள்ளைகள் கற்றார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கூடுதலாக ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே ஓரளவு பலன் இருக்கும். ஆனாலும் மலையைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் முன்பு எதிலும் இல்லாத ஒன்று இருந்தது. கற்பிப்பவர் பிள்ளையின் பேச்சையே பேசினார், பிள்ளையின் வீட்டைத் தெரிந்தவர், இரவு பேருந்தைப் பிடித்து இறங்கிவிடாதவர். தெரியவில்லை என்று ‘சார்’ முன்னால் சொல்ல முடியாத பிள்ளை அக்காவிடம் சொல்லும். குடும்பத்தில் முதலில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவளுக்கு ஊரில் ஒரு வேலையும் மரியாதையும் வந்ததும் சேர்த்தி.

அந்த வேலைக்கு மாதம் ரூ.1,000 கொடுத்தார்கள். எனக்கு இங்கேதான் இடறுகிறது. உறவுப் பெயர் கதவைத் திறக்கிறது. சம்பளம் கேட்கும் வாயை அடைக்கவும் அதே உறவுப் பெயர் உதவுகிறது. ஆசிரியர் என்றால் ஊதிய விகிதம், சங்கம், மாறுதல் உரிமை எல்லாம் வரும். அக்கா என்றால் ஆயிரம் ரூபாயும் சான்றிதழும். ஓய்வுக்குப் பிந்தைய கால் நூற்றாண்டு மிஷன் ஊழியராக இல்லாமல் உழைத்த பாட்டியிலிருந்து இந்த அக்காவரை, மலையில் மக்களோடு நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் பெண்களாகவும் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களாகவுமே இருக்கிறார்கள். தொற்று தணிந்ததும் மையங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. பலனை ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்ன பிறகும், அந்தப் பேச்சைப் பள்ளிக்குள் நிரந்தரமாகக் கொண்டுவருவது பற்றி யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

மானுடவியலாளர் மார்கரெட் மீட் 1970இல் வெளியிட்ட நூலில், பண்பாடுகள் மூன்று விதமாகக் கற்கின்றன என்றார். மூத்தவரிடமிருந்து இளையவர் கற்பது, ஒத்த வயதினர் தமக்குள் கற்பது, இளையவரிடமிருந்து மூத்தவர் கற்பது. உலகம் முதலாவதிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர்வதாக அவருக்குத் தோன்றியது. கொல்லிமலையில் மூன்றும் ஒரே நாளில் நடக்கின்றன. மாலையில் அக்கா வகுப்பு. இரவில் பேரன் கைப்பேசியில் வங்கிச் செய்தியைப் படித்துத் தாத்தாவுக்குச் சொல்கிறான். காலையில் காட்டில் தாத்தா சொல்வதைப் பேரன் கேட்கிறானா என்பதில்தான் சிக்கல்.

மல்லியச்சாமை, சடஞ்சாமை, திருகுலாச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என்று சாமையில் மட்டும் இத்தனை ரகங்களைக் காப்பாற்றிய மலை அது. கீழே சேகோ ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி ஏறி வந்ததும் சாமை, தினை, கேழ்வரகு பயிரிடும் பரப்பு சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் பிற்பாதியிலிருந்து இங்கே வேலை செய்தது. தொம்பை என்னும் பழைய தானியக் குதிர்களை ஊர் விதை வங்கிகளாக மீட்டது. சிறுதானியத்தைக் குத்திப் புடைக்கும் பெண்களின் பாட்டைக் குறைக்க அரைவை இயந்திரங்களையும் கொண்டுவந்தது. இந்த வேலையில் ரகங்களின் பெயர், விதைக்கும் பருவம், எந்த மண்ணுக்கு எது என்பதையெல்லாம் சொன்னவர்கள் பள்ளி வாசலை மிதிக்காத மூத்தவர்கள், குறிப்பாகப் பெண்கள். ஆய்வாளர் குறிப்பேட்டோடு கேட்டார், பாட்டி சொன்னார். கல்வி நிலையத்திலிருந்து வந்தவர் கேட்பவராகவும் எழுத்தறியாதவர் சொல்பவராகவும் அமர்ந்த அரிய சந்தர்ப்பம் அது. பள்ளியில் இந்த இருக்கை மாற்றம் நடக்கவில்லை. அறிவியல் பாடத்தில் விதை முளைத்தலைக் கற்கும் பிள்ளை, அதைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லும் வீட்டுப்பாடத்தோடு போவது ஆசிரியரின் தனி ஆர்வத்தைப் பொறுத்தது. ஆர்வமுள்ள ஆசிரியர் மாறுதலில் போனால் அதுவும் போகும்.

கைப்பேசி ஆசிரியர் அறையின் மரியாதை வரிசையையும் கலைத்திருக்கிறது. வருகைப் பதிவு, மதிய உணவுக் கணக்கு, எண்ணும் எழுத்தும் மதிப்பீடு எல்லாம் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற வேண்டும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடம் நடத்தும் நேரத்தைப் பதிவேற்றமே தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்ப முறையிட்டன. இணையம் விட்டுவிட்டு வரும் மலையில் அந்த முறையீடு இன்னும் கூர்மையாகிறது. செயலி திறக்காத தலைமையாசிரியர், பணிக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஆசிரியையிடம் ‘கொஞ்சம் பாரும்மா’ என்று கைப்பேசியை நீட்டுகிறார். அவர் பார்த்துத் தருகிறார். அடுத்த நாள் அதே ஆசிரியை புதிதாக ஒரு கற்பித்தல் யோசனை சொன்னால், ‘அனுபவம் வந்தா தெரியும்’ என்ற பதில் வரலாம். கருவிக்கு இளையவர், முடிவுக்கு மூத்தவர். மேலிடத்திலிருந்து வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக வாட்சப் குழுவில் இறங்கும் உத்தரவுக்கு எல்லா வயதினரும் ஒரே பதிலைத்தான் போடுகிறார்கள்: ‘ஓகே சார்’. அந்தக் குழுவில் தலைமுறை வேறுபாடே கிடையாது. பேச்சு நடையைத் தீர்மானிப்பதில் அதிகாரம் வயதைத் தோற்கடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான ஆதாரம் வேண்டியதில்லை.

ஊரும் பள்ளியும் முறையாகப் பேசிக்கொள்ளச் சட்டம் ஏற்படுத்திய ஒரே இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் 2022இல் இவை பெரிய அளவில் மறுகட்டமைக்கப்பட்டன. தலைவர் பதவி பெற்றோரில் ஒருவருக்கு. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். கீழ்நாட்டில் முன்னாள் மாணவர் என்றால் வெள்ளையடிக்கப் பணம் தருபவர், வெள்ளி விழாவில் மேடையேறுபவர். மலையில் அந்த இருக்கைக்கு வேறு அர்த்தம் உண்டு. பள்ளியின் பேச்சும் ஊரின் பேச்சும் தெரிந்தவர், அனுமதி கேட்டுப் பழகிய அப்பாவின் தலைமுறைக்கும் ‘ஓகே சார்’ போடும் ஆசிரியருக்கும் நடுவில் உட்காரக்கூடியவர் அந்த முதல் தலைமுறைப் படிப்பாளியே. காலிப் பணியிடம் எத்தனை, கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை, விடுதியில் பிள்ளையோடு பேசக் குறிப்பிட்ட நேரம் ஏன் இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்க அவரால் முடியும். பெற்றோரின் பெயரால் பேசாமல் பெற்றோரையே பேசவைக்கவும் அவரால் முடியலாம், அறிவொளித் தொண்டர்களில் நல்லவர்கள் செய்ததைப்போல.

அதற்கு முதலில் அவர் கூட்டத்துக்கு வர வேண்டும். பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பலர் வேலை தேடித் திருப்பூர், கோவை, சென்னைப் பக்கம் போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் கூட்டம் வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் வருகிறது. மிளகு பறிக்கும் மாதங்களில் அந்த அரை நாளுக்குக் கூலி இல்லை.